காற்றுக்கு ஒரு வாசல் போதாது

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிக்கூடத்தை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து ஆறு அழைப்புகள். அவர் என் பெரியப்பா மகன். கிள்ளானில் பெரியப்பா தொடங்கிய லேத் பட்டறையை இப்போது அவர்தான் கவனித்துக்கொள்கிறார். ஒருவர் ஆறு தடவை அழைத்தால் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதானே மனம் பதறும்?

“யாருக்கும் ஒன்னும் இல்ல தம்பி. பட்டறையிலதான் பிரச்சினை. சத்தம் தாங்கலன்னு பக்கத்துக் கடைக்காரர் தினமும் வந்து நிக்கிறார். நகராண்மைக் கழகத்துல புகார் கொடுப்பேங்கிறார். நீ ரேடியோக்காரன்தானே? சத்தத்தைக் குறைக்க ஒரு வழி சொல்லு.”

“லேத் பட்டறையில சத்தம் என்ன புதுசாண்ணே?”

“இது லேத் சத்தம் இல்லடா. வந்து பாரு.”

அது 2022 பிப்ரவரி. சீனப் பெருநாள் முடிந்து வெயில் வாட்டிக்கொண்டிருந்த நேரம். சனிக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனேன். காரை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பத்து வீடுகளில் ஒரே நேரத்தில் வேக்கம் கிளீனர் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வீறல். முன்பக்கத்தில் லேத் இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்திச் சும்மா கிடந்தன. இரும்புக் கம்பிகளை அடுக்கி வைத்திருந்த பின்னறையில், இரும்புச் சட்டம் ஒன்றின் மேல் காலணிப் பெட்டியைவிடச் சற்றே பெரிய நான்கு இயந்திரங்கள். பிட்காயின் மைனிங் செய்யும் ஆன்ட்மைனர் எஸ்19 இயந்திரங்கள்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் லேத் வேலை படுத்துவிட்டது. அண்ணன் தன் லோரியை விற்றார். அண்ணி ஐ-சினார் திட்டத்தில் எடுத்த இ.பி.எப். பணத்தைக் கொடுத்தார். மகள் படிவம் ஆறு முடிக்கும்போது செலவுக்கு ஆகும் என்று அண்ணி ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. நண்பர் ஒருவரும் பங்கு போட்டார். இப்படித்தான் அந்த நான்கும் வந்து சேர்ந்தன. எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

நான் செய்த வைத்தியம்

பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் படித்தபோது ஒரு பருவம் ஒலியியல் பாடம் இருந்தது. அதன் பிறகு பத்து வருடங்களுக்கு மேலாக ஒலிக்கூடத்திலேயே குப்பை கொட்டுகிறேன். எனவே அண்ணன் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு இயந்திரத்தின் சத்தம் 75 டெசிபல் என்றால் நான்கு சேர்ந்து 81 டெசிபல். சத்தம் எங்கே கசிகிறது? நாக்கோ கண்ணாடி ஜன்னல்கள், ரோலர் கதவின் அடியில் இருக்கும் சந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இவற்றை அடைத்தால் போதும்!

மறுநாளே வேலை தொடங்கியது. பிளைவுட் பலகைகளில் ஒலி உறிஞ்சும் பஞ்சை ஒட்டி, ஜன்னல்களின் மேல் அறைந்தோம். கதவுச் சந்தில் ரப்பர் பட்டை வைத்தோம். கூரை இடைவெளியிலும் பஞ்சைத் திணித்தோம். சுவரில் ஏற்கெனவே இருந்த சின்ன எக்ஸாஸ்ட் விசிறியை மட்டும் விட்டுவைத்தோம். “சூடு அதுவழியா போயிடும்” என்று நான்தான் சொன்னேன்.

மாலையில் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அண்ணி கோழிக்கறியோடு சாப்பாடு போட்டார். நானும் பெருமையாக வீடு திரும்பினேன்.

இரண்டாவது நாள் மதியம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் தானே நிற்கத் தொடங்கின. சூடு அதிகமானால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அவை நின்றுவிடும். அதோடு, சூடு ஏற ஏற அவற்றின் விசிறிகள் இன்னும் வேகமாகச் சுழலும். அதாவது நான் அடக்கிய சத்தத்தை நான் ஏற்றிய சூடே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அண்ணன் அவசரத்துக்கு 2 குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்றை வாங்கி மாட்டினார். அப்படியும் அறை குளிரவில்லை. கரண்டு செலவு மட்டும் ஏறியது.

வியாழக்கிழமை இரவு. திருட்டுப் பயத்தால் பெரியப்பா பட்டறையின் முன்பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அவருக்கு வயது 74. இரண்டு மணிக்கு மேல் ஏதோ தீய்கிற வாடை அடித்து விழித்திருக்கிறார். பின்னறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்திருக்கிறது. இருட்டில் தடவிப்போய் மெயின் சுவிட்சை அடித்து நிறுத்திவிட்டு வெளியே வந்தவர், ஐந்தடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்டென்ஷன் வயரின் பிளக் உருகிச் சுவர் சாக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலேதான் நான் ஒட்டிய பஞ்சு. அந்த வகைப் பஞ்சு தீப்பிடித்தால் மளமளவென எரியும். அதன் புகையும் விஷம். பெரியப்பா அரைமணி நேரம் அதிகமாகத் தூங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

கிளினிக்கில் பெரியப்பாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி என்னைத் திட்டவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

சூடு எங்கிருந்து வருகிறது?

அன்றைக்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். முதலில் தெரிந்துகொண்டது இது: மைனிங் இயந்திரம் என்பது கணக்குப் போடும் ஒரு ஹீட்டர்.

பிட்காயின் வலையமைப்பில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு புதிர் விடுவிக்கப்படுகிறது. உலகம் முழுவதும் உள்ள இயந்திரங்கள் விடையை ஊகித்து ஊகித்துப் பார்க்கின்றன. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. இந்த ஊகத்துக்காக எஸ்19 இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 3,250 வாட். லேத் இயந்திரம் எடுக்கும் மின்சாரம் இரும்பைக் கடைகிறது. பம்ப் எடுக்கும் மின்சாரம் தண்ணீரை மேலே தூக்குகிறது. இந்த இயந்திரம் எதையும் கடைவதுமில்லை, தூக்குவதுமில்லை. உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

நம் வீட்டு அயர்ன் பெட்டிகள் மூன்றைத் துணியே இல்லாமல், இரவு பகலாக, வருடம் முழுவதும் சூடாக வைத்திருப்பதைக் கற்பனை செய்யுங்கள். ஓர் இயந்திரம் அதற்குச் சமம். அண்ணனின் பின்னறையில் அப்படிப் பன்னிரண்டு அயர்ன் பெட்டிகள், மொத்தம் 13,000 வாட்.

ஏர்கோன் ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு சுமார் 9,000 பி.டி.யூ. சூட்டை வெளியேற்றும். வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 2,600. அண்ணன் வாங்கிய 2 குதிரைத்திறன் ஏர்கோன் 5,200 வாட் சூட்டைத்தான் சமாளிக்கும். எதிரே நிற்பதோ 13,000 வாட். முழுக்க ஏர்கோனை நம்பினால் 5 குதிரைத்திறன் வேண்டும். அதையும் இடைவிடாமல் ஓட்டினால் சம்பாதிப்பதெல்லாம் கரண்டு பில்லுக்கே போய்விடும். போதாக்குறைக்கு, பக்கத்திலேயே ஓடிய எக்ஸாஸ்ட் விசிறி அந்தக் குளிர்ந்த காற்றையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பிளக் உருகியதற்குக் காரணம் வேறு. ஒரு இயந்திரத்துக்கு இரண்டு மின்கம்பிகள். இரண்டையும் அண்ணன் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தார். 230 வோல்ட்டில் 3,250 வாட் என்றால் 14 ஆம்பியருக்குச் சற்று மேல். நம் ஊர் பிளக் 13 ஆம்பியருக்கு உரியது. ஆனால் 13 ஆம்பியர் பியூஸ் 14 ஆம்பியரில் பட்டென்று எரிந்துவிடாது. அது தாங்கிக்கொண்டே இருக்கும். பிளக்கும் வயரும் மெல்ல மெல்லச் சூடேறும். கெட்டிலைப் போல ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும் பொருளாக இருந்தால் தெரியாமலே போயிருக்கும். இதுவோ மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியது. அறையும் சூளையாக இருந்ததால், அந்தப் பிளக்குக்கு ஆறுவதற்கு நேரமும் இல்லை, காற்றும் இல்லை.

பெரியப்பா சொன்னது

அடுத்த வாரம் ஒரு டிஜிட்டல் வெப்பமானியோடு பட்டறைக்குப் போனேன். பஞ்சு, பலகை எதையும் அகற்றாமல், பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இயந்திரங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். வெளியே 33 டிகிரி. கால்மணி நேரத்தில் இயந்திரத்தின் முன்வாயில், அதாவது காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில், 43 டிகிரி. பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால், வெளியே வந்த அனல் சுவரில் மோதித் திரும்பி, முன்வாய்க்கே வந்துகொண்டிருந்தது. தான் விட்ட மூச்சையே அது திரும்பத் திரும்ப உள்ளிழுத்தது.

எக்ஸாஸ்ட் விசிறி என்னவோ மும்முரமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் எதிரே ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தேன். சும்மா லேசாக ஆடியது. அறைக்கதவைத் திறக்கப் போனால் யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இறுக்கம்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்தார். “நீ படிச்ச பிள்ளை. காத்து போறதுக்கு வழி வெச்சே. வர்றதுக்கு வழி வெச்சியா?”

பெரியப்பா இளவயதில் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கூடத்தின் கட்டமைப்பை அன்றைக்கு அவர் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். அடுப்பும் காற்று நுழையும் வழியும் கீழே இருக்கும். நடுவில் மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் தொங்கும். கூரையின் உச்சியில் திறந்து மூடும் வாய் இருக்கும். ஈரக்காற்று அதன் வழியாக வெளியேறும். உள்ளே 60 டிகிரி வரை சூடு ஏறும். மேல்வாயை மூடிவைத்தால் ஷீட் காயாது. ஆரம்பத்திலேயே சூட்டை அதிகம் ஏற்றிவிட்டால் கொப்புளம் போட்டு விலை போய்விடும்.

“கீழ வாசலை எவ்வளவு திறக்கறோமோ, மேல வாசலையும் அதைப் பார்த்துத் திறக்கணும். ஒன்னு திறந்து ஒன்னு மூடினா நெருப்பு மூச்சுமுட்டும். ஒரு வாசல் போதாது ஐயா” என்றார்.

அவருடைய கூடத்தில் நெருப்பை வளர்க்க வேண்டும், எங்கள் அறையில் சூட்டை விரட்ட வேண்டும். நோக்கம் வேறானாலும் காற்றின் குணம் ஒன்றுதான். உள்ளே வராத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது.

ஒலிக்கூடம் கற்றுக்கொடுத்தது

இந்தக் கதையை அலுவலகத்தில் எங்கள் ஒலிப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் என்னை ஒலிக்கூடத்துக்குள் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினார். எத்தனையோ வருடங்களாக என் தலைக்கு மேலே இருக்கும் ஏர்கோன் வாய் அது. அதிலிருந்து காற்று வருகிறது, சத்தம் வருவதில்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்தக் குழாய் அகலமானது, அதனால் காற்று மெதுவாக வருகிறது. நேராக வராமல் இரண்டு மூன்று முறை வளைந்து வருகிறது. உட்புறம் ஒலி உறிஞ்சும் பொருள் பூசப்பட்டிருக்கிறது. காற்று வளைந்து வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதித் தேய்ந்துபோகும். அதுவும் மைனிங் இயந்திரம் போடுகிற மாதிரியான கீச்சுச் சத்தம் சீக்கிரமே அடங்கிவிடும். ஒலிக்கூடத்தை அமைதியாக வைத்திருப்பது அடைப்பு மட்டுமல்ல. காற்றுக்கு வழிவிட்டுச் சத்தத்தை மட்டும் தடுக்கும் அந்த வளைவும்தான். பாதியை மட்டும் கற்றுக்கொண்டு நான் வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன்.

மறுபடியும் கட்டினோம்

இந்த முறை கணக்கோடு தொடங்கினோம். காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமென்றால், ஒவ்வொரு 12 வாட்டுக்கும் வினாடிக்கு 1 லிட்டர் காற்று வேண்டும். 13,000 வாட்டுக்கு வினாடிக்குச் சுமார் 1,080 லிட்டர். விசிறிப் பெட்டியில் போட்டிருக்கும் அளவில் சொன்னால் நிமிடத்துக்கு 2,300 கன அடி. பின்னறை 12 அடி அகலம், 14 அடி நீளம், 10 அடி உயரம். அப்படியானால் அந்த அறையின் மொத்தக் காற்றும் முக்கால் நிமிடத்துக்கு ஒரு தரம் மாற வேண்டும். ஏற்கெனவே இருந்த சின்ன விசிறியின் பெட்டியில் எழுதியிருந்தது 400 கன அடி!

விசிறி வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண், எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது ஓடும் அளவு. வலை, வளைவு, மழைத்தடுப்பு எல்லாம் வைத்தால் அது குறையும். ஆகவே தேவையைவிடப் பாதியளவு கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம்.

அறையைக் குறுக்கே சிமெண்டுப் பலகையால் இரண்டாகப் பிரித்தோம். பிளைவுட் வேண்டாம் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். இயந்திரங்களின் முகம் ஒரு பக்கம், முதுகு மறுபக்கம். முகம் இருக்கும் பக்கத்துக்குப் பின்சந்தின் நிழலிலிருந்து, தரையை ஒட்டிக் காற்று வரும். முதுகுப் பக்கத்தில் சேரும் அனல், சுவரின் உச்சியில் வைத்த பெரிய விசிறி வழியாக வெளியேறும். பலகையில் இயந்திரத்தைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் பூசி அடைத்தோம். அடைப்பதற்கும் ஓர் இடம் உண்டு, அது இதுதான். சூடான காற்று முன்பக்கம் திரும்பி வராமல் தடுக்க வேண்டும்.

உள்ளே வரும் வழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் திறப்பு விட்டோம். வழி குறுகினால் காற்று சீறிக்கொண்டு நுழையும், அதுவே ஒரு சத்தம். கொசுவலையும் தூசு வடிகட்டும் பஞ்சும் வைத்து, வாரம் ஒரு முறை கழுவுவது அண்ணன் மகளின் வேலை. லேத் பட்டறையில் பறக்கும் இரும்புத்தூள் மின்பலகையில் படிந்தால் ஷார்ட் ஆகிவிடும். பல்லி புகுந்தாலும் அதே கதி. எனவே முன்பக்கத்திலிருந்து காற்றை எடுக்கவே இல்லை.

வெளியேறும் வாயில் ஒலிக்கூடத்துப் பாடத்தைப் பயன்படுத்தினேன். தகரத்தால் இரண்டு வளைவுள்ள ஒரு பெட்டியைப் பெரியப்பா தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார். உள்ளே எரியாத பாறைப் பஞ்சு, அதாவது ராக்வுல். வாய் பக்கத்துக் கடையைப் பார்க்காமல் மேலே பார்த்தது. மாலை மழை உள்ளே அடிக்காமலிருக்க அதன் மேல் ஒரு தொப்பி.

வயர்மேன் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி இணைப்பும் தனி பிரேக்கரும் போட்டார். எக்ஸ்டென்ஷன் வயர்கள் அனைத்தும் குப்பைக்குப் போயின. உருகிய அந்தப் பிளக்கை மட்டும் அண்ணி எடுத்துக்கொண்டு போனார். அது அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் இன்றும் இருக்கிறது.

எல்லாம் முடிந்து நான்கு இயந்திரங்களையும் ஓட்டினோம். மதியம் இரண்டு மணி. வெளியே 33, முன்வாயில் 34, விசிறி வாயில் 45. ஏர்கோன் அணைந்தே கிடந்தது. எங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. வெளிக்காற்றே 33, 34 என்று நிற்கிறது. முன்வாயில் 40-ஐத் தாண்டக்கூடாது என்று நாங்கள் கோடு போட்டிருந்தோம். ஆக, எங்களுக்கு இருந்த இடைவெளி ஆறேழு டிகிரிதான். அதைச் சூடு திரும்பி வந்து தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வித்தையும். மிகவும் வெயிலான மதியங்களில் இரண்டு இயந்திரங்களை நிறுத்தி வைத்து, இரவில் நான்கையும் ஓட்டினார் அண்ணன்.

கரண்டு பில் சொன்ன கணக்கு

சூடு தீர்ந்தது. கணக்கு தீரவில்லை.

ஒரு இயந்திரம் நாளுக்கு 78 யூனிட் மின்சாரம் எடுக்கும். நான்குக்கு 312. வர்த்தகக் கட்டணம் அப்போது முதல் 200 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 50.9 சென். நாளுக்கு ஏறக்குறைய 159 வெள்ளி, மாதத்துக்கு 4,700 வெள்ளிக்கு மேல். அதன்மேல் கூடுதல் கட்டணம் வேறு. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலரை நெருங்கியபோது இது கட்டுப்படியானது. 2022 ஜூனில் விலை 20,000 டாலருக்கும் கீழே விழுந்தது. இயந்திரம் ஓட ஓட நஷ்டம்.

அப்போதுதான் பங்குதாரரான நண்பர் ஒரு யோசனையோடு வந்தார். மீட்டரைத் தொடாமல் நேராக மின்சாரம் இழுத்துத் தர ஆள் இருக்கிறதாம். மாதம் ஒரு தொகை கொடுத்தால் போதுமாம். “எல்லாரும் செய்யறதுதான்” என்றாராம்.

மலேசியாவில் மைனிங் செய்வது குற்றமல்ல. மின்சாரத்தைத் திருடுவது குற்றம். 2021 ஜூலையில் மிரியில் போலீசார் 1,069 மைனிங் இயந்திரங்களை ஸ்டீம் ரோலரால் நசுக்கிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மதிப்பு 53 லட்சம் வெள்ளி. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். திருட்டு இணைப்பில் பிரேக்கர் இருக்காது. கம்பி எவ்வளவு தாங்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் பயந்து பயந்து சரிசெய்த ஆபத்தைக் காசு கொடுத்து மறுபடி வாங்குவதாகத்தான் ஆகும்.

அண்ணன் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அவர் குரலில் வேண்டாம் என்பதும் இல்லை, வேண்டும் என்பதும் இல்லை. அண்ணி எழுந்து போய்க் குளிர்பெட்டியின் மேலிருந்த பிளக்கை எடுத்து வந்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மாமா படுத்திருந்த கட்டிலுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கதவுதான் இருந்துச்சு. காசு போனா போகட்டும்” என்றார்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகுதான் எத்தனை மாதமாகக் கையைப் பிடித்தது, யாரிடம் எவ்வளவு கடன் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அத்தனையும் அதுவரை அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜூலையில் இயந்திரங்களை நிறுத்தி, கிடைத்த விலைக்கு விற்றார்கள். அண்ணியின் பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. மகள் கல்விக் கடன் எடுத்துத்தான் படிக்கிறாள். இதை இனிப்பு தடவிச் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் பிட்காயின் பரிசும் 6.25-லிருந்து 3.125 ஆகப் பாதியாகக் குறைந்துவிட்டது. நம் ஊர்க் கட்டணத்தில், நம் ஊர் வெயிலில், ஒரு பின்னறையில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு மாதக் கரண்டு பில்லைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

மைனிங்தான் என்றில்லை. சர்வர், முப்பரிமாண அச்சு இயந்திரம், சூட்டடுப்பு என்று பட்டறையில் எதை வைத்தாலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை பொருந்தும். இயந்திரத்தின் வாட் எண்ணைப் பாருங்கள், அத்தனை சூடு அறைக்குள் வரப்போகிறது. காற்று வரும் வழி, போகும் வழி இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். வரும் வழி கீழேயும் நிழலிலும், போகும் வழி மேலேயும் எதிர்ப்பக்கத்திலும் இருக்கட்டும். சுவரில் எரியும் பஞ்சை ஒட்டாதீர்கள். நாள் முழுவதும் ஓடும் இயந்திரத்தை எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அந்த அறையிலோ அதை ஒட்டியோ யாரையும் படுக்கவிடாதீர்கள்.

பெரிய விசிறியும் கீழ்வாசலும் அப்படியே இருக்கின்றன. அண்ணன் சிமெண்டுப் பலகையை எடுத்துவிட்டு லேத் ஒன்றைப் பின்னறைக்கு நகர்த்தினார். தகரக் கூரையின் கீழே இருந்தாலும் மதியம் இப்போது அங்கே நின்று வேலை செய்ய முடிகிறது. மெல்ல மெல்ல ஆர்டர்களும் வருகின்றன. பெரியப்பா இரவில் வீட்டில் படுக்கிறார். காலையில் வந்து நாற்காலியைக் கீழ்வாசலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பழைய ரேடியோவைத் திருகுகிறார்.

போன வாரம் அவர் என்னை அழைத்தார். “இன்னிக்குக் காலையில ஒரு பாட்டுக்குப் படம் பேரைத் தப்பா சொன்னே” என்றார். மைனிங் ஓடிய அந்தப் பத்து மாதங்களில் பட்டறையில் என் நிகழ்ச்சி யாருக்கும் கேட்டதில்லை. தப்பை ஒப்புக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.